பிரெஞ்சு படித்தால் என்ன?

பல்கலைக்கழகத்தில் என்ன படிக்க விருப்பம் என்று எங்கள் கலைப்பிரிவு வகுப்பில் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்கள்தான் வரும். சட்டம், தமிழ், இஸ்லாமிய நாகரிகம், ஊடகம். நான் பிரெஞ்சு என்று சொன்ன அன்று வகுப்பில் சிரிப்பு எழுந்தது. வீட்டிலோ கேள்விகள் எழுந்தன. "அத படிச்சி எங்க தொழில் செய்யப் போற?" என்றார் உம்மா. "அந்த நாட்டுல ஹிஜாப் போட உடமாட்டாங்க தானே?" என்றார் சாச்சி. வாப்பா மட்டும் கொழும்புக்குப் போய்வர பஸ்ஸுக்கு எவ்வளவு முடியும் என்று கணக்குப் பார்த்தார். மூவருக்கும் பதில் தேடப்போய் நான் அறிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடம் தெரிவு செய்யக் காத்திருக்கும் தங்கைகளுக்கு உதவக்கூடும்.

பிரெஞ்சு படிப்பது என்றால் "போன்ஜூர்", "மெர்சி" என்று சொல்லப் பழகுவது என்றே பலர் எண்ணுகிறார்கள். தமிழைச் சிறப்புப் பாடமாக எடுப்பவர் தமிழ் பேசப் பழகவா பல்கலைக்கழகம் போகிறார்? இலக்கணம், இலக்கிய வரலாறு, மொழியியல், பண்பாடு என்று அவர் படிப்பது போலவே பிரெஞ்சுப் பட்டப்படிப்பிலும் உண்டு. ஒலியியலும் மொழிபெயர்ப்பும் அங்கே கூடுதல் இடம் பிடிக்கும். மொழியையும் படிக்கவேண்டும், அந்த மொழியில் எழுதப்பட்டதையும் படிக்கவேண்டும் என்பதால் வேலை இரட்டிப்புத்தான்.

அந்த மொழி நமக்கு எட்டாதது என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இது விசித்திரம். மேசையும் புத்தகமும் நமக்கு அஃறிணை, அத்தோடு முடிந்தது. ஆனால் அரபு படித்த நமக்கு இது பழகிய சங்கதி. அரபில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். பிரெஞ்சில் அப்படியே தலைகீழ்: சூரியன் ஆண்பால், சந்திரன் பெண்பால். தொண்டையில் உரசி எழும் பிரெஞ்சு 'ர' ஒலியும் அப்படித்தான். சிறுவயதில் மத்ரஸாவில் 'கைன்' எழுத்தைச் சரியாக ஓதப் பழகியவளுக்கு அது பாதி கைவந்துவிடும். சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. எழுதுவதில் பாதியை அவர்கள் உச்சரிப்பதில்லை. நாம் பாரிஸ் என்கிறோம், அவர்கள் 'பாரி' என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய 'து', 'வூ' என்ற இரண்டு சொற்கள். நமது 'நீ', 'நீங்கள்' போன்றவை. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லாததால் ஆங்கில வழியாகப் பிரெஞ்சு படிப்பவர்கள் தடுமாறுகிறார்களாம். நமக்குத் தடுமாற்றம் எதற்கு? ஆனாலும் ஒரு வித்தியாசம். அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் தாய் தகப்பனை 'து' என்றே அழைப்பார்கள். எங்கள் வீட்டில் உம்மாவை 'நீ' என்று சொன்னால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடைக்காது. அதேவேளை துஆவில் இறைவனை நாம் 'நீ' என்கிறோம் அல்லவா, பிரெஞ்சிலும் இறைவனை 'து' என்றுதான் அழைக்கிறார்கள்.

சொற்களிலும் உறவு உண்டு. அரபின் 'தபீப்' பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் 'தூபிப்' ஆகி டொக்டரைக் குறிக்கிறது. 'சுக்கர்' அங்கே 'சுக்ர்' ஆனது. களஞ்சியம் என்று பொருள்படும் 'மக்ஸன்' பிரெஞ்சில் 'மகஸான்' ஆகிக் கடையைக் குறிக்கிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மெகசினின் பெயரும் அந்த வழியாக வந்ததுதான். தமிழும் சும்மா இருக்கவில்லை. நமது வெட்டிவேர் அங்கே 'வெத்திவேர்' என்ற பெயரில் வாசனைத் திரவியப் போத்தல்களில் ஏறியிருக்கிறது.

இனி, பிரெஞ்சு யாருடைய மொழி என்ற கேள்வி. பிரான்ஸை மட்டும் நினைத்துக்கொண்டால் பாதிப் படம்தான் தெரியும். பிரெஞ்சு மொழி நாடுகளின் அமைப்பு 2022 இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் 32 கோடிக்கும் அதிகமானோர் பிரெஞ்சு பேசுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஆபிரிக்காவில் இருக்கிறார்கள். செனகல், மொரோக்கோ, அல்ஜீரியா, தூனிசியா ஆகியவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். ஆண்டவர்கள் விட்டுப்போன மொழி என்பது உண்மையே. பிரான்ஸ் 1830 இல் அல்ஜீரியாவுக்குள் நுழைந்தது. வெளியேறியது 1962 இல், பெரும் போருக்குப் பிறகு. அந்த மொழியை அங்குள்ள பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என்னை இழுத்தது.

செனகலின் மரியாமா பா 1929 இல் பிறந்தவர். ஆசிரியை. 1979 இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. அதன் பெயரைத் தமிழில் 'இத்தனை நீண்ட ஒரு கடிதம்' என்று சொல்லலாம். கணவனை இழந்த ரமத்துலாயி என்ற ஆசிரியை, இத்தா இருக்கும் நாட்களில் தன் பள்ளித்தோழி ஐசத்துவுக்கு எழுதும் கடிதம்தான் முழு நாவலும். நான்கு மாதமும் பத்து நாளும். பன்னிரண்டு பிள்ளைகளின் தாய் அவள். கணவன் அவளிடம் சொல்லாமல் மகளின் தோழியையே இரண்டாவதாக மணந்தவன். அவள் தொழுகிறாள், இத்தாவின் ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறாள், அதோடு கேட்க வேண்டியவற்றைக் கேட்கவும் செய்கிறாள். ஆங்கில மொழிபெயர்ப்பில் இதை வாசித்தபோது, இத்தா என்றால் என்ன என்று அடிக்குறிப்புப் பார்க்கத் தேவையில்லாத வாசகி நான் என்ற எண்ணம் வந்தது. எங்கள் உம்மும்மா இத்தா இருந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கதையைப் பாரிஸில் உள்ள ஒரு விமர்சகரைவிட வரக்காப்பொலயில் உள்ள ஒருத்தி நெருக்கமாக வாசிக்கமுடியும். ஆனால் மூல மொழியில் வாசிக்க அவரால் முடியும், என்னால் முடியாது. ஆபிரிக்க எழுத்துக்கான நோமா விருது 1980 இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது இந்த நாவலுக்கே கிடைத்தது. மறு ஆண்டு மரியாமா பா காலமானார்.

அல்ஜீரியாவின் அஸ்ஸியா ஜெபார் இன்னொருவர். பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரின் மகள். 1955 இல் பிரான்ஸின் உயர் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார்; அங்கு நுழைந்த முதல் அல்ஜீரியப் பெண் அவர்தான். 1635 இல் தோன்றிய பிரெஞ்சு அக்கடமி 2005 இல் அவரை உறுப்பினராகத் தெரிவுசெய்தது.

சாச்சியின் கேள்விக்கு வருகிறேன். அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. பிரான்ஸ் 1905 இல் சட்டமியற்றி அரசையும் மதத்தையும் பிரித்தது. 2004 மார்ச்சில் வந்த இன்னொரு சட்டம் அரச பாடசாலைகளில் மாணவிகள் ஹிஜாப் அணிவதைத் தடைசெய்தது. 2023 இல் அபாயாவுக்கும் அங்கே தடை வந்தது. ஆனால் இவை பாடசாலைகளுக்கு உரியவை. பல்கலைக்கழக மாணவியருக்கு அந்தத் தடை இல்லை. ஹிஜாபோடு விரிவுரைக்குப் போகலாம். படித்து முடித்து அங்கேயே அரச பாடசாலையில் ஆசிரியையாகவோ அரச வைத்தியசாலையில் தாதியாகவோ வேலை செய்ய வேண்டுமானால் அணியமுடியாது. இந்தச் சட்டங்கள் எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தும் ஒரு நாட்டின் சட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக அதன் மொழியை ஏன் விடவேண்டும்? அந்தச் சட்டத்தைப் பற்றி அங்கே நடக்கும் வாதங்கள் எல்லாம் பிரெஞ்சில்தான் நடக்கின்றன. ஹிஜாப் அணிந்த பெண்களும் அந்த மொழியில்தான் பதில் சொல்கிறார்கள்.

உம்மாவின் கேள்வி தொழில் பற்றியது. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளில் பிரெஞ்சும் ஒன்று, அரபும் ஒன்று. சுற்றுலாத்துறை, தூதரகங்கள், கற்பித்தல் என்று வழிகள் உண்டு. ஆனால் என் கண் மொழிபெயர்ப்பின் மேல்தான். தமிழும் பிரெஞ்சும் சந்தித்துக்கொண்டது நேற்று இன்றல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவைத்தார். 1739 இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோன் வரை போனார்கள். நமது திருகோணமலையையும் 1782 இல் சஃப்ரன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சிலகாலம் பிடித்து வைத்திருந்தார். இன்று பாரிஸின் லா ஷப்பெல் பகுதியில் நம் நாட்டுத் தமிழரின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே வாழும் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த 'தீபன்' திரைப்படம் 2015 இல் கான் விழாவின் உயர் விருதைப் பெற்றது. இவ்வளவு போக்குவரத்து இருந்தும், பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் மிகச் சிலரே. கமுயுவின் 'அந்நியன்' நாவலைத் தந்த வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணியோடு சேர்ந்து 'குட்டி இளவரசன்' நூலையும் தந்தார். மற்றவை பல ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் நம்மிடம் வந்து சேர்கின்றன.

வழிதான் கொஞ்சம் நீளம். க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பிரெஞ்சு ஒரு பாடமாக உண்டு. ஆனால் அதைக் கற்பிக்கும் பாடசாலைகள் பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருக்கின்றன. களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையில் பிரெஞ்சு படிக்கலாம். என்ன தகைமை கேட்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த ஆண்டுக் கைந்நூலில் பார்த்துக்கொள்ளுங்கள். கேள்விப்பட்டதை நம்பி இருக்கவேண்டாம். வெளியே படிக்க அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையங்கள் கொழும்பிலும் கண்டியிலும் உள்ளன. வரக்காப்பொல இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் இலக்கம் 1 பஸ்ஸில் எந்தப் பக்கமும் போகலாம். வாப்பாவின் கணக்கில் கண்டியும் கொழும்பும் சமமாகவே வந்தன. அங்கே 'தெல்ஃப்' என்ற பரீட்சைக்குத் தயாராகலாம். ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படிகள். அந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. பிரான்ஸின் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு 2019 இல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 2,770 யூரோ. அதை வாப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. களனியே எனக்குப் போதும்.

உயர்தரப் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் சில மாதங்கள் கிடைக்கும். ஏ1 வகுப்பை அப்போது தொடங்குவதாக எண்ணம், இன்ஷா அல்லாஹ். இப்போதைக்கு ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு எண்களைப் பாடமாக்குகிறேன். அறுபத்தொன்பது வரை ஒழுங்காகப் போகிறது. எழுபது என்பதை 'அறுபதும் பத்தும்' என்கிறார்கள். எண்பது 'நான்கு இருபது'. தொண்ணூற்றொன்பதைச் சொல்ல 'நான்கு இருபதும் பத்தும் ஒன்பதும்' என்று கூட்டிக்கொண்டே போகவேண்டும். கணிதம் வேண்டாம் என்றுதான் நான் கலைப்பிரிவுக்கே வந்தேன்.