உங்களுக்குத் தெரியுமா? பால் புட்டிக்கு விளம்பரமே கூடாது!

இந்தியாவில் குழந்தைகளுக்கான பால் புட்டியை விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம். தாய்ப்பாலைக் காக்க 1992-இல் வந்த சட்டம் இது. 2003-இல் இன்னும் இறுக்கப்பட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத புட்டியை விற்கவும் கூடாது. ஆகவே, கடையில் முதலில் அந்த முத்திரையைத் தேடுங்கள்.

பளபளவென்று கண்ணாடி போலிருந்த பழைய புட்டிகள் பலவும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதிலிருந்து, ஹார்மோன் போலச் செயல்படும் பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் பாலில் கசியும். இந்தியத் தர விதி 2015-இல் அந்த பிளாஸ்டிக்கை விலக்கிவிட்டது. அக்கா குழந்தைக்கு வாங்கிய புட்டி பரணில் பத்திரமாக இருக்கிறதா? தயவுசெய்து எடுக்காதீர்கள்.

இன்று அதிகம் விற்பவை பாலிபுரொப்பிலீன் புட்டிகள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருக்கும். இதில் பிஸ்பீனால்-ஏ இல்லை. ஆனால் கொதிநீர் பட்டால் நுண்பிளாஸ்டிக் துகள்களை உதிர்க்கும் என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள். பால் பவுடரைக் கரைக்கச் சூடான நீர், குறைந்தது 70 டிகிரி, அவசியம்தான். கிருமியை அதுதான் கொல்லும். எனவே சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் கரைத்து, ஆறவைத்து, பிறகு புட்டியில் ஊற்றுங்கள். கண்ணாடிப் புட்டி என்றால் இந்தக் கவலையே இல்லை. கைநழுவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எதை வாங்கினாலும் வாய் அகலமாக இருக்கட்டும். பிரஷ் அடிவரை போகாத புட்டியில் பால் படிந்து கிருமி வளரும். கீறல் விழுந்ததையும் மாற்றிவிடுங்கள்.

புட்டியே வேண்டாமென்றால் நம் பாலாடை இருக்கிறது. மூலைமுடுக்கு இல்லாததால் கழுவுவது எளிது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் இதில் புகட்டுவதுண்டு.