முடவாட்டுக்கால் கிழங்கு, கிழங்கே இல்லை!

கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போனவங்க இதைப் பார்த்திருப்பீங்க. ரோட்டோரக் கடையில், பழுப்பு நிற முடியோடு, ஆட்டுக்கால் மாதிரியே ஒன்றைக் குவித்து வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே சுடச்சுட சூப். "முடவாட்டுக்கால் கிழங்கு, மூட்டு வலிக்கு நல்லது"ன்னு சொல்லிக் கொடுப்பாங்க. ஏற்காட்டிலும் கிடைக்கும்.

சூப்பைப் பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க. இன்னைக்கு நாம அந்தச் செடியைப் பத்திப் பேசலாம்.

முதல் விஷயம், இது கிழங்கே கிடையாது. இது ஒரு பெரணியோட தண்டு. ஸ்கூல்ல படிச்சிருப்பீங்களே, பூ, காய், விதை எதுவுமே இல்லாத செடி வகை. அதுல ஒண்ணுதான் இது. அறிவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. 'குவெர்சிஃபோலியா' என்றால் ஓக் மர இலை போன்ற இலை உடையது என்று அர்த்தம். 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர் அது.

இந்தத் தண்டு மண்ணுக்குள்ள போகாது. பாறை மேலயும் மரக்கிளை மேலயும் படர்ந்து ஊர்ந்து போகும். மேலே முடி மாதிரி தெரிவது மெல்லிய செதில்கள். இந்தியா, இலங்கையில் தொடங்கி தென்கிழக்கு ஆசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரைக்கும் காடுகளில் இது இருக்கிறது. மரத்து மேல வளருதேன்னு ஒட்டுண்ணின்னு நினைச்சிடாதீங்க. மரத்தோட சாறை இது உறிஞ்சாது. உட்கார இடம் மட்டும்தான் கேட்கும். இதைத் தொற்றுத் தாவரம் என்பார்கள்.

அப்போ மண்ணே இல்லாத இடத்துல சாப்பாட்டுக்கு என்ன பண்ணும்? இங்கதான் சுவாரஸ்யம். இதுக்கு ரெண்டு வகை இலை. ஒன்று பச்சையாக, ஆழமாகப் பிளவுபட்டு, ஒரு மீட்டர் நீளம் வரைகூட வளரும். இதன் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். விதைக்குப் பதிலாக இருக்கும் ஸ்போர்கள் அதில்தான் உருவாகின்றன. இன்னொன்று சின்னது, காம்பு இல்லாதது. தண்டை ஒட்டிக் கூடை மாதிரி நிற்கும். சீக்கிரமே பழுப்பாகிவிடும், ஆனால் உதிராது. பார்க்கிறவங்க காஞ்சு போச்சுன்னு நினைப்பாங்க. ஆனால் அந்தக் கூடைக்குள்தான் சருகு, தூசி, பறவை எச்சம் எல்லாம் விழுந்து மக்குகிறது. வேர் அதற்குள் போய்ச் சத்தை எடுத்துக்கொள்கிறது. அதாவது, தனக்கு வேண்டிய மண்ணை இந்தச் செடி தானே சேர்த்துக்குது!

கோடையில் பச்சை இலையின் பாகங்கள் உதிர்ந்து நடுநரம்பு மட்டும் குச்சியாக நிற்கும். தண்டு தண்ணீரைச் சேமித்து வைத்துக் காத்திருக்கும். மழை வந்ததும் புது இலை விடும்.

இப்போ கடைக்கு வருவோம். வாழைமரத்தில் தாரை வெட்டினாலும் பக்கக்கன்று இருக்கும். இங்கே வெட்டுவது செடியின் உடம்பையே. துளிர்க்கும் நுனியையும் கொஞ்சம் இலையையும் விட்டுவைத்தால் மறுபடி வளரும். மொத்தமாகப் பெயர்த்தால் அந்த இடத்தில் திரும்ப வருவது லேசில்லை. ஸ்போர் காற்றில் பறந்து ஈரமான இடத்தில் விழ வேண்டும். அதிலிருந்து முதலில் வருவது நகத்தைவிடச் சின்ன ஒரு பச்சைத் தகடு. அதன் மேல் தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் ஆணணு நீந்திப் போய்க் கருவுற முடியும். அதுக்கப்புறம்தான் குட்டிப் பெரணி. அது கைத்தடிமன் தண்டாவதற்குப் பல மழைக்காலம் ஆகும்.

மலையில இருக்கிறவங்களுக்கு இது வருமானம். அதனால சூப்பே குடிக்காதீங்கன்னு நான் சொல்லல. ஒரு கப் குடிக்கிறது வேற, ஊருக்குப் பையில கிலோ கணக்கா அள்ளிட்டு வர்றது வேற. வாங்கும்போது "நுனியை விட்டுட்டு வெட்டுறீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வாங்குறவங்க கேட்க ஆரம்பிச்சா, வெட்டுறவங்களும் யோசிப்பாங்க.

அடுத்த தடவை மலைக்குப் போனா, கடையை மட்டும் பார்க்காம கொஞ்சம் அண்ணாந்தும் பாருங்க. மரக்கிளையில் பழுப்புக் கூடையும் பச்சை இலையும் சேர்ந்து இருந்தா, அதுதான் இது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.