மாநகரின் மலையடி ஊர்கள்

ஆறு நாள் நகரத்திலே உழைத்தவர் ஏழாம் நாள் மலையை நாடிச் செல்வது, உலகத்தின் பெருநகரங்கள் பலவற்றிற் காணப்படும் வழக்கமாகும். நகரமும் மலையும் அருகருகே அமைந்துவிட்டால், இரண்டிற்கும் இடையே சிற்றூர்கள் தோன்றுகின்றன. மலையின் நீரும் காற்றும் ஒருபுறம், நகரத்தின் பணமும் தொழிலும் மறுபுறமாக அவை இரண்டாலும் வளம் பெறுகின்றன. ஆயினும் மலை கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. கொடுத்ததை ஒருநாள் திரும்பக் கேட்கவும் செய்யும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் மலையடி ஊர்களிலே இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

லொஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் பலருக்கு நினைவில் எழுவன கடற்கரையும் திரைப்படமுமே. ஆனால் அந்நகரத்தின் வடகிழக்கே சான் கேப்ரியல் மலைத்தொடர், கிழக்கு மேற்காக ஒரு மதிலைப் போல எழுந்து நிற்கின்றது. அதன் மிக உயர்ந்த சிகரம் 10,064 அடி உயரமுடையது. இலங்கையின் பீதுருதாலகாலையிலும் ஏறக்குறைய 1,800 அடி மிகுந்தது. இம்மதிலின் அடியில் லா கனியாடா, பசடீனா, அல்டடீனா, சியரா மாட்ரே, மொன்றோவியா முதலிய ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. நகரத்தின் நடுவிலிருந்து பசடீனாவுக்குப் பத்து மைல் அளவே தூரம். மின்சார ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துள் அங்கே சேர்ந்துவிடலாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலையடி வழியே ஓடிய பழைய மின்சார வண்டிகள் 1950களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன. அரை நூற்றாண்டு கழிந்த பின், 2003 இல், பசடீனாவுக்கு மீண்டும் ரயில் வந்தது. 2016 இல் அப்பாதை மொன்றோவியாவைக் கடந்து கிழக்கே நீண்டது.

இவ்வூர்கள் எந்த நிலத்தின் மீது நிற்கின்றன என்பதை அறிந்தாலன்றி இவற்றின் வரலாறு விளங்காது. சான் கேப்ரியல் மலை இன்னும் வளர்ந்து கொண்டிருக்கும் மலை. நிலவோட்டின் பிளவுகள் அதனை இருபுறமும் நெருக்கி மேலே தள்ளுகின்றன. அதனால் அதன் பாறைகள் நொறுங்கிக் கிடக்கின்றன. சரிவுகளோ மிகவும் செங்குத்தானவை. மழைக்காலத்தில் ஓடைகள் கல்லையும் மணலையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்குகளின் வாயில் வந்து கொட்டுகின்றன. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொட்டிய மண், விசிறியை விரித்தாற்போல மலையடியிற் பரவியிருக்கின்றது. ஊர்கள் நிற்பது இந்த வண்டல் விசிறிகளின் மேலேயாகும். வீட்டு முற்றத்தில் உருண்டைக் கல்லொன்று கிடந்தால், அது ஒருகாலத்தில் மலையுச்சியிலிருந்து இறங்கி வந்த கல் என்று கொள்ளலாம்.

இந்த நிலம் மக்களைக் கவர்ந்ததற்குக் காரணங்கள் பல. மணலும் கல்லும் கலந்த தரை மழை நீரை உள்வாங்கி நிலத்தடியிற் சேமித்து வைத்தது. குளிர்கால இரவுகளிற் குளிர்ந்த காற்றுக் கனமடைந்து பள்ளத்தை நோக்கி இறங்குவதால், சற்று மேடான மலையடி நிலத்தில் உறைபனியின் கேடு குறைவு. ஆகவே தோடை, எலுமிச்சைத் தோட்டங்கள் இங்கு செழித்தன. 1874 இல் இந்தியானா மாநிலத்தவர் சிலர் நிலம் வாங்கிக் குடியேறிய இடமே பின்னர் பசடீனா ஆயிற்று. நெஞ்சு நோய் கொண்டவர்கள் உலர்ந்த காற்றை நாடி வந்தனர்; கிழக்குப் பகுதியின் செல்வர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வந்தனர். தங்கள் ஊரில் மாரிக்காலத்திலும் மலர்கள் பூக்கின்றன என்பதை உலகுக்குக் காட்டவே, 1890 ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளிற் பசடீனா மக்கள் மலர் ஊர்வலமொன்றைத் தொடங்கினர். அவ்வூர்வலம் இன்றும் நடைபெறுகின்றது.

மலையடியிற் குடியேறியவர்கள் மலையின் மேலும் ஏற விரும்பினர். உள்நாட்டுப் போரிற் படைக்கு உதவியாகப் பலூன்களைப் பறக்கவிட்ட தடியஸ் லோ என்பவர், 1893 இல் அல்டடீனாவிலிருந்து மலைமேற் செல்லும் மின்சார ரயிலொன்றைத் திறந்து வைத்தார். அதன் ஒரு பகுதியில், நூறு அடி முன்னேறும்போது அறுபது அடிக்கு மேல் உயரும் செங்குத்தான சரிவில், வடத்தால் இழுக்கப்பட்ட வண்டிகள் ஏறின. மேலே உணவு விடுதிகளும் தங்குமிடங்களும் இருந்தன. ஆனால் 1900 இல் பெரிய விடுதி தீக்கு இரையாயிற்று. 1905 இல் மீண்டும் தீ. 1936 இல் எஞ்சிய விடுதியும் எரிந்தது. 1938 இல் வந்த பெருவெள்ளம் பாதையையே அழித்துவிட்டது. அத்திவாரங்களும் இரும்புத் துண்டுகளுமே அங்கே மிஞ்சின. தீயும் வெள்ளமும் மாறி மாறி வருவதென்பது இம்மலையின் நியதி என்பதை அந்த ரயிலின் கதையே முன்கூட்டி உரைத்தது.

அதே மலைத்தொடரில் அறிவுலகத்துக்குப் பெரும்பயன் தந்த இடமும் உண்டு. 5,700 அடி உயரமுள்ள வில்சன் மலையில் 1904 இல் ஜோர்ஜ் எலரி ஹேல் என்னும் வானியலறிஞர் ஆய்வுகூடமொன்றை நிறுவினார். அங்கே 1917 இல் அமைந்த நூறு அங்குலத் தொலைநோக்கி, முப்பது ஆண்டுகளுக்கு உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியாக விளங்கிற்று. அதனைக் கொண்டே எட்வின் ஹபிள் 1923 இல், அந்திரோமீடா என்பது நமது பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனி விண்மீன் தொகுதி எனக் கண்டறிந்தார். ஆறு ஆண்டுகளின் பின், தொலைவிலுள்ள தொகுதிகள் விரைவாக விலகிச் செல்கின்றன என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். மலையடியிலுள்ள ஓர் ஓடைப் படுகையில், 1936 இல், பசடீனா மாணவர் சிலர் சிறிய ரொக்கற் பொறியொன்றைச் சோதித்துப் பார்த்தனர். விண்வெளிக் கலங்களை அமைக்கும் பெரிய ஆய்வுகூடம் பின்னர் அவ்விடத்திற்கு அருகிலேயே வளர்ந்தது.

மலை மதிலாக நிற்பதால் வந்த தீமை ஒன்றும் உண்டு. கடற்காற்று நகரத்தின் புகையைக் கொண்டுவந்து மலையடியில் நிறுத்தியது. மேலே பரவிய வெப்பக் காற்று, மூடியைப் போல அப்புகையை எழவிடாமல் தடுத்தது. இந்தக் கண்ணெரிக்கும் மூட்டம், மோட்டார் வாகனங்களும் எண்ணெய்ச் சாலைகளும் வெளியிடும் வாயுக்கள் சூரிய ஒளியில் மாற்றமடைவதால் உண்டாவது என்று 1950களின் தொடக்கத்தில் விளக்கியவர், பசடீனாவில் ஆராய்ச்சி செய்த ஆரி ஹாகன்ஸ்மிட் என்னும் அறிஞர். பின்னர் வந்த கட்டுப்பாடுகளினாற் காற்று வெகுவாகத் தெளிந்தது. ஆயினும் கோடைக்காலப் பகல்களில் மலை மங்கலாகத் தோன்றுவது இன்றும் உண்டு. மழை பெய்து ஓய்ந்த மறுநாளே மலையைக் காணச் சிறந்த நாள்.

இனித் தீயின் செய்தியைக் காண்போம். மலைச்சரிவுகளை மூடியிருப்பது சப்பரல் எனப்படும் புதர்க்காடு. எண்ணெய்ப் பசையுடைய அதன் இலைகள் நீண்ட கோடையில் உலர்ந்து எரிபொருளாகின்றன. இலையுதிர்காலத்திலும் மாரியிலும் சில நாட்களில் உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து சாந்தா அனா என்னும் காற்று மலையைக் கடந்து கீழே பாய்கின்றது. இறங்க இறங்க அது வெப்பமடைந்து உலர்கின்றது. அந்நாட்களில் ஒரு பொறி விழுந்தாற் போதும்.

தீ அணைந்தாலும் துன்பம் முடிவதில்லை. புதர்கள் எரியும்போது அவற்றின் மெழுகு போன்ற பொருள் ஆவியாகி மண்ணுள் இறங்கிப் படிகின்றது. அதனால் தரை நீரை உறிஞ்ச மறுக்கின்றது. வேர்களும் இல்லை, இலைகளும் இல்லை. அடுத்த பெருமழையில் சாம்பலும் சேறும் கற்பாறையும் ஒன்றாகத் திரண்டு ஓடைகளில் உருண்டு வருகின்றன. மலைநாட்டு மண்சரிவை அறிந்த இலங்கை மக்களுக்கு இதன் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1933 நவம்பரில் லா கிரசென்டாப் பகுதிக்கு மேலுள்ள மலை எரிந்தது. அவ்வாண்டின் கடைசி இரவிற் கொட்டிய மழையில் சேற்றுப் பெருக்கு ஊருள் நுழைந்தது. நாற்பது பேருக்கு மேல் மாண்டனர். பாதுகாப்பான இடமென்று கருதி ஒரு மண்டபத்திற் கூடியிருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர்.

அதன் பின்னர், ஓடைகள் மலையை விட்டு வெளிவரும் இடங்களிற் பெரிய குழிகள் வெட்டப்பட்டன. சேறும் கல்லும் குழியிற் தங்க, நீர் மட்டும் வடிந்து செல்லும். இத்தகைய குழிகள் இன்று நூற்றுக்கு மேல் உள்ளன. நிரம்பியவற்றை வெறுமையாக்குவது ஆண்டுதோறும் ஓயாத வேலை. ஆயினும் மனிதர் போட்ட கணக்கை மலை மீறுவதுண்டு. 2009 இல் பெருந்தீ ஒன்று 1,60,000 ஏக்கரை எரித்தது. அடுத்த பெப்ரவரியில் லா கனியாடாவில் ஒரு குழி நிரம்பி வழிந்து, நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளைச் சேதப்படுத்தியது.

2025 ஜனவரி 7 ஆம் திகதி மாலை, பல மாதங்களாகச் சொல்லத்தக்க மழை பெய்யாதிருந்த நிலையில், கடும் சாந்தா அனாக் காற்று வீசிக்கொண்டிருந்தபோது, ஈட்டன் பள்ளத்தாக்கில் தீ எழுந்தது. தீப்பொறிகள் காற்றிற் பறந்து வீட்டிலிருந்து வீட்டிற்குத் தாவின. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன; அவற்றுட் பெரும்பாலானவை அல்டடீனாவில் இருந்தவை. பதினெட்டுப் பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஊரின் மேற்குப் பகுதியினர்; அங்கே வெளியேறும் கட்டளை, தீ தொடங்கிப் பல மணி நேரம் கழிந்தே வந்தது. வேறிடங்களில் வீடு வாங்கத் தடைகளைச் சந்தித்த கறுப்பின மக்கள் 1960கள் முதல் வீடு வாங்கி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி அது. ஆகவே எரிந்தவை வெறும் சுவர்களல்ல; பெற்றோர் உழைத்துச் சேர்த்துப் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற முதலுமாகும்.

இத்தகைய ஊர்களுக்குச் செல்பவர் எப்படிச் செல்ல வேண்டும்? சியரா மாட்ரேயில் 1894 இல் ஒரு சிறு சாடியில் வாங்கி நட்ட விஸ்டீரியாக் கொடி, ஓர் ஏக்கருக்கு மேற் படர்ந்து இளவேனிலில் ஊதா நிறமாகப் பூக்கின்றது; அதைக் காண்பதற்கென்றே ஊர் விழா எடுக்கின்றது. மொன்றோவியாவின் பழைய வீதியில் மாலை நேரத்தில் நடந்து செல்லலாம். வீட்டுப் பின்புறங்களுக்குக் கரடி இறங்கி வருவதும் அவ்வூரிற் புதுமையன்று. மலைப் பாதைகள் தீயினாலும் மழையினாலும் மூடப்படுவதுண்டாதலால், திறந்துள்ளனவா என்று முன்னரே விசாரித்துச் செல்வது அறிவுடைமை. காற்று எச்சரிக்கை விடுத்த நாளிலும், எரிந்த மலையின்கீழ் மழை பெய்யும் நாளிலும் செல்லாதிருப்பது அதனினும் அறிவுடைமை. எரிந்த மனைகளைக் காட்சிப் பொருளாகப் பார்த்துத் திரும்புவதை விட, திறந்திருக்கும் கடைகளிற் பொருள் வாங்குவது அம்மக்களுக்கு உதவியாகும்.

அல்டடீனாவில் ஏறக்குறைய முக்கால் மைல் நீளமான வீதியொன்றின் இருமருங்கிலும் பெருமரங்கள் நிற்கின்றன. அவை இமயமலையைத் தாயகமாகக் கொண்ட தேவதாரு மரங்கள்; 1880களில் நடப்பட்டவை. 1920 முதல் நத்தார்க் காலத்தில் ஊரார் அவற்றில் விளக்குகளை ஏற்றி வருகின்றனர். 2025 ஆம் ஆண்டின் தீயில் அவ்வூரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. தேவதாருக்களோ பெரும்பாலும் தப்பி நின்றன. வீடிழந்தவர்கள் திரும்பி வந்து தங்கள் தெருவை அடையாளங் காண்பதற்கு, மலைக்கு அடுத்தபடியாக மிஞ்சியிருந்தவை அம்மரங்களே.