மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ்: நோயாளிக்கு வேண்டிய அறிவும் துணையும்

1945-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் சிறு விளம்பரம் ஒன்று வெளியாயிற்று. மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்னும் நோயிலிருந்து குணமடைந்தவர் எவரேனும் இருப்பின், அந்நோயால் வருந்தும் ஒருவருக்கு எழுதும்படி அது வேண்டிக்கொண்டது. விளம்பரம் செய்தவர் ஸில்வியா லாரி என்னும் இளம் பெண்மணி. நோயுற்றிருந்தவர் அவருடைய சகோதரர். ஐம்பதுக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. ஆனால், எழுதியவர்கள் குணமடைந்தவர்கள் அல்லர். நோயாளிகளும் அவர்தம் உற்றாருமே. நல்ல செய்தி ஏதேனும் கிட்டுமா என்று அவர்களும் தேடிக்கொண்டிருந்தனர்.

அப்பெண்மணி நாடிய விடை கிடைக்கவில்லை. எனினும், தேடுவோர் பலர் என்னும் உண்மை புலப்பட்டது. அதன் பயனாக 1946-ல் அமெரிக்காவில் இந்நோய்க்கெனச் சங்கம் ஒன்றும், 1967-ல் பல நாட்டுச் சங்கங்களின் சர்வதேச சம்மேளனமும் தோன்றின. இந்நோயுடன் வாழ்வோருக்கு மருந்தைப் போலவே நம்பத்தக்க செய்தியும் இன்றியமையாதது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

நோயின் இயல்பு

மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்பு இழைகளை மயலின் என்னும் கொழுப்புப் பொருள் போர்வைபோல் சூழ்ந்துள்ளது. மின்கம்பியின் மேலுறையைப் போன்று, செய்திகள் விரைவாகவும் சிதறாமலும் செல்வதற்கு இது துணைபுரிகிறது. இந்நோயில், உடலைக் காக்க வேண்டிய தற்காப்புச் சக்தியே இப்போர்வையைத் தாக்கிச் சிதைக்கிறது. சிதைந்த இடங்களில் தழும்பு ஏறிக் கடினமாகிறது. பல இடங்களில் இவ்வாறு நேர்வதே பெயருக்குக் காரணம். பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ என்னும் பேரறிஞர் 1868-ல் இதனைத் தனி நோயாகத் தெளிவுபட விளக்கினார்.

ஒரு கண்ணில் பார்வை மங்குதல், கைகால் மரத்தல், நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க இயலாமை, காரணமற்ற கடுங்களைப்பு ஆகியவை அறிகுறிகள். இவை தோன்றிச் சில வாரங்களில் தணிந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் வேறிடத்தில் தலைகாட்டக்கூடும். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதிற்குள் தொடங்கும் இந்நோய், ஆண்களைக் காட்டிலும் பெண்களை இருமடங்குக்கும் மேலாகப் பற்றுகிறது. கல்வி, உத்தியோகம், திருமணம், மகப்பேறு ஆகியவை முடிவாகும் பருவம் அதுவே.

இந்தியாவில் இதன் நிலை

இது குளிர்நாட்டு நோய் என்றும், இந்தியாவில் அரிது என்றும் நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. மும்பைப் பார்சி மக்களிடையே மட்டும் இது மிகுதியாகக் காணப்படுவது 1980-களில் ஆராயப்பட்டது. எம்.ஆர்.ஐ. படக்கருவிகளும் நரம்பியல் நிபுணர்களும் பெருகப் பெருக, நாடெங்கும் நோயாளிகள் இனங்காணப்பட்டனர். மங்களூரில் நடந்து 2014-ல் வெளியான ஆராய்ச்சி, லட்சம் பேருக்கு ஏறத்தாழ 8 பேர் என்று கணக்கிட்டது. 2021-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தை மையமாகக் கொண்டு, இந்நோய்க்கும் இதனைச் சார்ந்த நோய்களுக்கும் தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது.

முதல் தேவை நோயின் பெயர்

நம் மக்களிடையே ‘நரம்புத் தளர்ச்சி’ என்றொரு சொல் வழங்குகிறது. கை நடுக்கமும் மனச்சோர்வும் உடல் வலியும் இவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. இந்நோயாளியும் அப்பெயரைப் பெற்று, சத்து மருந்துகளை உண்டு ஆண்டுகளைக் கழிக்க நேரிடலாம். முதல் தாக்குதல் தானாகவே தணிந்துவிடின், அப்போது உண்ட மருந்தே குணப்படுத்தியது என்ற மயக்கமும் உண்டாகும். எனவே, நோயின் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்குதலும், எம்.ஆர்.ஐ. படங்களையும் சோதனை முடிவுகளையும் தேதி வரிசையில் பாதுகாத்தலும் முதற்கடமை.

பெயர் துல்லியமாக இருத்தல் வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பார்வை நரம்பையும் முதுகுத்தண்டையும் தாக்கும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்னும் நோய் தோற்றத்தில் இதனை ஒத்தது. அதற்குரிய எதிர்ப்பொருள் 2004-ல் கண்டறியப்பட்டது. இரத்தச் சோதனையால் அதனை இனம் பிரிக்கலாம். ஒரு நோய்க்கு நலம் தரும் இன்டர்ஃபெரான் மற்றதற்குத் தீங்கு விளைவிக்கும்.

செய்தியைச் சோதித்தல்

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. இவ்வகையில் முதலாவதான இன்டர்ஃபெரான் பீட்டா 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் வந்தவை பல. விலையே பெருந்தடை. உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் கிளாட்ரிபின், கிளாட்டிரமர், ரிட்டுக்ஸிமாப் ஆகிய மூன்றை இந்நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளாகச் சேர்த்தது. இவற்றுள் ரிட்டுக்ஸிமாப் இந்தியாவிலேயே தயாராவதால், செலவைப் பற்றி டாக்டருடன் மனம்விட்டு ஆலோசித்தல் தகும்.

நீக்கும் மருந்தில்லாத நோயைப் பொய்ச் செய்தி எளிதில் சூழ்ந்துகொள்கிறது. கழுத்து இரத்தக் குழாய்களின் சுருக்கமே இந்நோய்க்குக் காரணம் என்று 2009-ல் இத்தாலிய டாக்டர் ஸம்போனி கூறினார். பல நாட்டு நோயாளிகள் பெரும்பொருள் செலவிட்டு அக்குழாய்களை விரிவுபடுத்திக்கொண்டனர். பின்னர், முறையான சோதனைகள் அதனால் பயனில்லை என்று காட்டின. 2017-ல் வெளியான ஸம்போனியின் சொந்த ஆராய்ச்சியும் அவ்வாறே முடிந்தது. ஆகையால், ஒரு சிகிச்சையைப் பற்றிக் கேள்வியுறும்போது, ‘இதனைப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுச் சோதித்தார்களா?’ என வினவுதல் வேண்டும். பூரண குணம் உறுதி என்றுரைத்து முன்பணம் கேட்போரை நம்பலாகாது.

நல்ல செய்தி அச்சத்தையும் போக்கும். கோடை வெயிலிலும் காய்ச்சலிலும் பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் தலைதூக்கும். உடல் குளிர்ந்ததும் தணியும். இது புதிய தாக்குதல் அன்று என்பதை அறிந்தவர் வீணே கலங்கார். திருமணத்திற்கும் மகப்பேற்றிற்கும் இந்நோய் தடையன்று. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாக்குதல்கள் குறைவதே வழக்கம். சில மருந்துகளை முன்னதாக நிறுத்த வேண்டியிருத்தலால், டாக்டரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் அவசியம்.

துணை எங்கே கிடைக்கும்?

1985-ல் மும்பையில் நிறுவப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் சங்கம் சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் கிளைகளுடன் இயங்கி வருகிறது. தம்மைப் போன்ற ஒருவர் பல ஆண்டுகளாக வேலை பார்த்துக் குடும்பமும் நடத்தி வருவதை நேரில் காணுதல், புதிதாக நோயுற்றவருக்குத் தனித்ததோர் ஆறுதல். எந்த உடற்பயிற்சி உகந்தது, களைப்பை எவ்வாறு சமாளிப்பது என்பன போன்றவற்றை அனுபவித்தவரிடமே கேட்டறியலாம். மருந்தை மாற்றுவது மட்டும் டாக்டரின் பொறுப்பு.

சட்டத்தின் துணையும் உண்டு. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத இந்நோய், அதற்கு மாற்றாக வந்த 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளுள் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டது. அரசாங்கப் பணியில் இருக்கும்போது குறைபாடு அடைந்தவரை வேலையிலிருந்து நீக்குதலும் பதவி குறைத்தலும் ஆகாது என்றும், பழைய வேலைக்கு இயலாதவரை அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 20-வது பிரிவு கூறுகிறது. இதனை அறியாது, நோய் கண்டவுடன் தாமே ராஜினாமா செய்வோர் பின்னர் வருந்த நேரிடும். மருத்துவ அதிகாரிகளின் சான்றிதழையும் தனித்துவ அடையாள அட்டையையும் காலத்தே பெறுதல் நன்று. பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு தேவை என்பதும் நினைவிற்குரியது.

இறுதியாக, குடும்பத்தாருக்கு ஒரு சொல். இந்நோயின் கடுங்களைப்பு கண்ணுக்குப் புலனாகாதது. காலையில் நன்கு நடந்தவர் மாலையில் எழ இயலாது இருப்பின், அது சோம்பலன்று. இதனை வீட்டிலுள்ளோர் அறிந்துகொள்வதே நோயாளி பெறும் முதல் துணை. அன்று ஸில்வியா லாரி விளம்பரம் செய்து தேடிய செய்திகளுள் பல இன்று கிடைக்கின்றன. அவற்றை உரியவரிடம் கேட்டு, சோதித்து, மற்றொரு நோயாளிக்கும் எடுத்துரைத்தல் நம் அனைவருக்கும் இயன்ற பணியாகும்.