அரைத் தடவை பெருக்க முடியுமா?

மாணவர்களை மிரட்டும் கணக்கு. கல்லும் கயிறும் விடை சொல்லும்!

உயர்நிலைப்பள்ளியில் கணக்குப் பாடம் நடக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் 9 என்று எழுதுகிறார். அதன் தலைமேல், வலது பக்கத்தில், சிறியதாக 2 என்று போடுகிறார்.

"9-ஐ இரண்டு தடவை எழுதிப் பெருக்கு" என்பது அதன் பொருள். 9 x 9 = 81. எல்லோருக்கும் புரிகிறது.

அடுத்து, 2-ஐ அழித்துவிட்டு அந்த இடத்தில் ½ என்று எழுதுகிறார். வகுப்பே திகைக்கிறது.

ஓர் எண்ணை அரைத் தடவை எழுதுவது எப்படி?

நியாயமான கேள்விதான். ஆனால், "½ போட்டால் வர்க்கமூலம். மனப்பாடம் செய்துகொள்" என்று மட்டும் சொல்லிவிட்டால், மாணவனுக்குக் கணக்கின் மேல் இருந்த ஆசை அன்றோடு போய்விடும். "என் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று பெற்றோரும் முடிவு கட்டிவிடுவார்கள்.

குறை பிள்ளையின் மூளையில் இல்லை. காரணத்தைச் சொல்லாததில் இருக்கிறது.

காரணம் இதுதான்

தலைமேல் போடும் சிறிய எண்ணுக்கு "அடுக்கு" என்று பெயர். 9 அடுக்கு 2-ஐ, 9 அடுக்கு 3-ஆல் பெருக்கினால் 9 அடுக்கு 5 வரும். அடுக்குகளைக் கூட்டினால் போதும். இது மாணவனுக்கு முன்பே தெரிந்த விதி.

அதே விதி அரைக்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

9 அடுக்கு அரையை, 9 அடுக்கு அரையால் பெருக்கினால் என்ன வரும்? அரையும் அரையும் ஒன்று. ஆகவே 9 அடுக்கு 1. அதாவது வெறும் 9.

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 9 வரும்? 3! அதுதான் வர்க்கமூலம். திகைப்பு தீர்ந்தது.

ஆடும் கல்

இதனால் என்ன பயன்? வீட்டிலேயே பார்க்கலாம்.

கயிற்றில் சிறு கல்லைக் கட்டி, ஆணியில் தொங்கவிட வேண்டும். ஆணியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். மெதுவாக ஆட்டினால், 10 தடவை போய்த் திரும்பச் சுமார் 10 வினாடி ஆகும்.

20 வினாடி ஆக வேண்டுமானால்? "கயிற்றை இரண்டு மடங்கு ஆக்கு" என்றுதான் யாரும் சொல்வார்கள். 50 சென்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சுமார் 14 வினாடிதான் ஆகும்! 100 சென்டிமீட்டர் வைத்தால்தான் 20 வினாடி.

நீளம் 4 மடங்கு. நேரம் 2 மடங்கு. நீளம் 9 மடங்கானால், நேரம் 3 மடங்கு. நீளத்தின் வர்க்கமூலம் எப்படி வளர்கிறதோ, அப்படியே நேரமும் வளர்கிறது. இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ, 1638-ல் வெளியான தமது நூலில் இதை எழுதினார்.

இந்த அளவுகளை வரைபடத் தாளில் குறித்தால், முதலில் விறுவிறுவென்று ஏறி, பிறகு சாய்ந்து செல்லும் வளைகோடு கிடைக்கும். பாடப்புத்தகத்தில் பயமுறுத்திய அதே கோடு!

கொத்தனார் கணக்கு

மாணவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் காணச் சொன்னால், தனித்தனியே மூலம் கண்டு, 3-ம் 4-ம் 7 என்று எழுதிவிடுவார்கள். கூட்டிய தொகை 25. அதன் மூலம் 5 தான்.

சுவரின் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கொத்தனார் ஒரு பக்கம் 3 அடியும், மறு பக்கம் 4 அடியும் குறிப்பார். குறுக்கே 5 அடி இருந்தால் மூலை சரி. 7 அடி வந்தால்? இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் கிடக்கும். மூலையே இராது!

"ஏன்?" என்று கேட்கும் பிள்ளையை அதட்ட வேண்டாம். ஒரு கல்லும் கயிறும் எடுத்துக் கொடுங்கள்.