நடக்காத கொலைக்குச் சாட்சி யார்?

ஒரு கொலை நடந்தால் பிணம் இருக்கும், தடயம் இருக்கும், வழக்கு இருக்கும். நடக்காமல் தடுத்துவிட்டால்? தடுத்தவர் சொல்வது மட்டும்தான் மிஞ்சும். அதை எவ்வளவு நம்பலாம்? 1861-ல் ஆபிரகாம் லிங்கனைக் கொல்லப் போட்டதாகச் சொல்லப்படும் பால்டிமோர் சதியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு வரும்.

தேர்தலில் ஜெயித்த லிங்கன் பிப்ரவரி 11-ம் தேதி ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வாஷிங்டனுக்கு ரயிலில் கிளம்பினார். எந்த ஊருக்கு எப்போது வருவார் என்பது பேப்பரிலேயே வந்துவிட்டது. பால்டிமோருக்கு 23-ம் தேதி பகல். அடிமை முறை இருந்த மேரிலாந்து மாநிலத்தின் பெரிய ஊர் அது. அங்கே ஒரு சிக்கல். ஒரு ஸ்டேஷனில் இறங்கி, ஊருக்குள் குதிரை வண்டியில் போய், இன்னொரு ஸ்டேஷனில் வேறு ரயில் ஏற வேண்டும். கூட்டத்துக்கு நடுவே ஒரு மைலுக்கு மேல் பயணம்.

சாமுவேல் ஃபெல்டன் என்ற ரயில்வே தலைவர், தன் ரயில் பாதையை யாராவது நாசம் செய்வார்களோ என்று பயந்து, சிகாகோவின் தனியார் துப்பறிவாளர் ஆலன் பிங்கர்ட்டனை அமர்த்தினார். பிங்கர்ட்டன் பங்குத் தரகர் வேஷத்தில் பால்டிமோரில் ஆபீஸ் போட்டார். கேட் வார்ன், தென் மாநிலச் சீமாட்டியாக நடித்துத் தகவல் சேகரித்தார். அமெரிக்காவின் முதல் பெண் துப்பறிவாளர் அவர்தான். ரயிலைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது வேறு. பார்னம் ஹோட்டலில் முடி திருத்தும் ஃபெராண்டினி என்பவர் லிங்கனைக் கொன்றே தீருவேன் என்று பேசுவதாகத் தகவல் வந்தது.

21-ம் தேதி இரவு ஃபிலடெல்ஃபியாவில் பிங்கர்ட்டன் விஷயத்தைச் சொன்னார். லிங்கன் உடனே பயணத்தை மாற்றிவிடவில்லை. அதே இரவு ஃபிரெட்ரிக் சீவர்ட் இன்னொரு எச்சரிக்கையோடு வந்தார். அது நியூயார்க் போலீஸ் துப்பறிவாளர்கள் தனியாகக் கண்டுபிடித்தது. இவர்களுக்கும் பிங்கர்ட்டனுக்கும் தொடர்பு உண்டா என்று லிங்கன் துருவித் துருவிக் கேட்டார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் மனம் மாறினார். எங்கள் வேலையிலும் இதுதான் கணக்கு. ஒரே லாகை இரண்டு முறை படித்தால் அது இரண்டு ஆதாரம் ஆகாது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சிஸ்டம் ஒரே பிழையைக் காட்டினால்தான் அர்த்தம்.

மறுநாள் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு, சாயங்காலம் ஹாரிஸ்பர்க்கிலிருந்து ரகசியமாகக் கிளம்பினார். தந்திக் கம்பிகள் துண்டிக்கப்பட்டன. உடம்பு சரியில்லாத அண்ணனுக்கு என்று சொல்லி, வார்ன் ஸ்லீப்பர் பெட்டியில் இடம் பிடித்திருந்தார். விடிவதற்கு முன் பால்டிமோரில் அந்தப் பெட்டியைக் குதிரைகள் அடுத்த ஸ்டேஷனுக்கு இழுத்துப் போயின. காலை 6 மணி வாக்கில் வாஷிங்டன்.

அப்புறம்? ஒரே கேலி. மாறுவேஷத்தில் ஓடிவந்த கோழை என்று கார்ட்டூன் போட்டார்கள். ஃபெராண்டினி மீது வழக்கே இல்லை. அன்று கூடவே பயணித்த நண்பர் லேமன், 1872-ல் வந்த தன் புத்தகத்தில் அப்படி ஒரு சதியே இல்லை என்றார்.

என் கருத்து இதுதான். நாள் குறித்து, ஆள் வைத்துத் தீட்டிய திட்டம் இருந்ததா என்பதற்கு ஆதாரம் பலவீனம். பெரும்பாலும் பிங்கர்ட்டன் ஆட்களின் அறிக்கைதான். அவருக்கு அது தொழில் விளம்பரமும்கூட. ஆனால் ஆபத்து பொய்யில்லை. இரண்டே மாதத்தில், ஏப்ரல் 19-ம் தேதி, அன்றிரவு லிங்கன் கடந்த அதே இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே மாசசூசெட்ஸ் படையைக் கூட்டம் தாக்கியது. படைவீரர்கள் 4 பேரும் ஊர்க்காரர்கள் 12 பேரும் செத்தார்கள்.

சதியை நிரூபிக்க முடியாது. ஆனாலும் பாதையை மாற்றியது சரிதான். தடுத்துக் காட்டியவனுக்குக் கிடைத்தது கேலி. 1865 ஏப்ரல் 14 இரவு, ஃபோர்டு தியேட்டரில் காவலுக்குப் போட்டிருந்த போலீஸ்காரர் தன் இடத்தில் இல்லை. உள்ளே நுழைந்த பூத், மேரிலாந்துக்காரர். அந்தக் கொலைக்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை.