நுரை எங்கே போனது?

தம்பி தங்கைகளே, ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, ஸ்ட்ரா வைத்து மெல்ல ஊதுங்கள். குமிழிகள் வரும், வந்த வேகத்திலேயே உடையும். இப்போது ஒரு சொட்டு ஷாம்பு விட்டு மறுபடி ஊதுங்கள். உறிஞ்சிவிடக் கூடாது, ஊத மட்டும்தான்! நுரை பொங்கி விளிம்பு வரை வரும். ஊதுவதை நிறுத்தினாலும் சட்டென்று அடங்காது.

தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கப் பார்க்கும். இதைத்தான் பரப்பு இழுவிசை என்கிறோம். ஷாம்பு அந்த இழுப்பைக் குறைத்து, குமிழியின் சுவரையும் உறுதியாக்குகிறது.

நம் நுரையீரலிலும் இப்படி ஒரு பொருள் வேலை செய்கிறது. அங்கே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்புறம் ஈரமாக இருக்கும். அந்த ஈரம் சுருங்கி இழுப்பதால், மூச்சை வெளியே விடும்போதெல்லாம் நுண்ணறைகள் மூடி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒட்டுவதில்லை. நுண்ணறைச் சுவரில் உள்ள செல்கள் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பொருளைச் சுரந்து இழுப்பைக் குறைக்கின்றன. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். தாயின் வயிற்றில் கடைசிச் சில வாரங்களில்தான் அது குழந்தைக்குப் போதிய அளவு சேரும்.

1950களின் தொடக்கத்தில் இது மருத்துவர்களுக்குத் தெரியாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பலர், பிறந்த சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறினார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுபடும். முனகல் கேட்கும். உதடு நீலம் பாயும். இறந்துபோன குழந்தைகளின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கண்ணாடி போன்ற ஒரு சவ்வு தெரிந்தது. அதுதான் மூச்சை அடைக்கிறது என்று பலரும் நம்பினார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த மேரி எலன் ஏவரி 1952இல் மருத்துவப் படிப்பை முடித்தார். முடித்த கையோடு காசநோய் வந்து படுக்கையில் விழுந்தார். நுரையீரலைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆர்வத்தை அந்த நோயே அவருக்கு வளர்த்தது. பிறகு பாஸ்டன் நகரில் மீட் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

நுரையீரலில் நீர் கோத்து இறப்பவர்களின் மூச்சுக்குழாயில் நுரை இருக்கும். மூச்சுத் திணறி இறந்த இந்தக் குழந்தைகளிடம் நுரையே இல்லை. எல்லோரும் அங்கே இருந்த சவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏவரி அங்கே இல்லாத நுரையைப் பற்றி யோசித்தார்.

அப்போது மேரிலாந்தில் ஒரு ராணுவ ஆய்வகத்தில் ஜான் கிளெமென்ட்ஸ் என்பவர், நுரையீரல் சாற்றின் பரப்பு இழுவிசையை அளக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். சிறு தொட்டியில் சாற்றை ஊற்றி, அதன் மேற்பரப்பை ஒரு தடுப்பால் நெருக்க வேண்டும். சாற்றைத் தொட்டுத் தொங்கும் மெல்லிய உலோகத் தகடு, மேற்பரப்பு எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும். ஏவரி அவரிடம் போய் அதைக் கற்றுவந்தார். வேறு காரணங்களால் இறந்தவர்களின் நுரையீரல் சாற்றை நெருக்கியபோது இழுவிசை மிகவும் குறைந்தது. மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் சாற்றில் அப்படிக் குறையவில்லை. அவர்களிடம் சர்ஃபாக்டன்ட் போதவில்லை! சவ்வு நோயின் விளைவுதான், காரணம் அல்ல. 1959இல் ஏவரியும் மீடும் இதை வெளியிட்டார்கள்.

காரணம் தெரிந்தது, ஆனால் மருந்து உடனே வரவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் குறைமாதத்தில் பிறந்த மகன் பாட்ரிக், இதே நோயால் இரண்டே நாளில் இறந்தான். 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்தினார். அவர்களின் மூச்சு தேறியது. 1990இல் அமெரிக்க அரசும் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு அனுமதி தந்தது. இன்று குறைமாதத்தில் பிறக்கும் ஏராளமான குழந்தைகள் இதனால் பிழைக்கிறார்கள்.

நீங்களும் வகுப்பில் சோதனை செய்யும்போது, வந்ததை மட்டும் நோட்டில் எழுதி நிறுத்திவிடாதீர்கள். வந்திருக்க வேண்டியது ஏதாவது வரவில்லையா? அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஏன் வரவில்லை என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஏவரி கேட்டதும் அப்படி ஒரு கேள்விதான்.